பாட்டுப் பாடும் பிரஷ், சிவப்பு மாத்திரை, மணல் கடிகாரம்: காது மெஷின் போட்ட பிள்ளைக்குப் பல் விளக்க எது உதவியது?

என் தங்கை ஆசையாகத்தான் வாங்கி அனுப்பினாள். பிடியில் யானைக்குட்டி, நடுவில் ஒரு பட்டன், அமுக்கினால் இரண்டு நிமிடம் பாட்டு. பாட்டு நிற்கும்வரை பிள்ளை பல் விளக்கும், அம்மாவுக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம். என் மகள் பட்டனை அமுக்கினாள். பாட்டு எனக்குக் கேட்டது. அவள் பிரஷை வாயில் வைத்தபடி என் முகத்தையே பார்த்தாள். கண்ணாலேயே 'தேய், தேய்' என்றேன். பாட்டு நின்றது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நுரை கழுத்து வரைக்கும் வழிந்த பிறகு நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்தப் பிரஷுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம். பிரஷ்மேல் தப்பில்லை. தங்கை மகன் அதே பிரஷை வைத்துக்கொண்டு ஆடிப்பாடித்தான் பல் விளக்குகிறான். ஆனால் பிள்ளைகளுக்குப் பல் விளக்கச் சொல்லித்தர என்று கடையில் கிடைப்பதில் முக்கால்வாசி காது வழியாகத்தான் பேசுகிறது. பாட்டு, கதை சொல்லும் செயலி, 'சபாஷ்' என்று கத்தும் பொம்மை. காது கேளாத பிள்ளை வைத்திருக்கிறவர்கள் காசை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கடந்த இரண்டு வருடத்தில் நாங்கள் வாங்கியவை, கைவிட்டவை, இன்னும் வைத்திருப்பவை, போய்வந்த இரண்டு ஆஸ்பத்திரிகள் எல்லாம் இதில் இருக்கிறது.

முதலில் எங்களைப் பற்றி. ஊர் கோவில்பட்டி. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மகளுக்கு ஏழு வயது. மூன்றரை வயதில்தான் காது கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தோம். இப்போது இரண்டு காதிலும் மெஷின், வாரம் ஒருநாள் ஸ்பீச் தெரபி. கொஞ்சம் பேசுவாள், நிறைய சைகை செய்வாள்.

அவளுக்கு ஐந்து வயதிலேயே கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டு சொத்தையாகிவிட்டது. ஆனால் முன்பல் நான்கும் முத்து மாதிரி. ஏன் இப்படி என்று யோசித்தபோது காரணம் எங்கள் முற்றத்திலேயே இருந்தது. நம் வீடுகளில் பல் விளக்குவதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. 'பல்லு விளக்காம காபியத் தொடாத' என்று பாட்டி அடுத்த பேரனைத் திட்டுவது காதில் விழும். 'உள்ள விட்டுத் தேய்டா' என்று பெரியப்பா மகனை அதட்டுவது காதில் விழும். கேட்கிற பிள்ளைகள் பாதி விஷயத்தை இப்படிக் காதில் விழுந்தே கற்றுக்கொள்கிறார்கள். என் மகளுக்கு எதுவும் விழவில்லை. அவள் கண்ணில் பட்டது தாத்தா மட்டும்தான். ஆள்காட்டி விரலில் பல்பொடி, முற்றத்தில் நடந்துகொண்டே முன்பல்லில் நாலு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு. அவள் அதை அப்படியே செய்தாள். பார்த்ததைச் சரியாகவே கற்றிருந்தாள்.

இன்னொன்று எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. காலையில் பல் விளக்கி, குளித்து, தலை துவட்டி, ஈரம் போன பிறகுதான் மெஷின் மாட்டுவோம். இரவில் மெஷினைக் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவோம். அதாவது ஒரு நாளில் அவளுக்கு எதுவுமே கேட்காத இரண்டு வேளையில்தான் நான் வாய் ஓயாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மெஷின் போட்டிருந்தாலும் பாதியைக் கேட்டு, மீதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். 'பல்லு' என்று ஒருமுறை, 'பாலு' என்று ஒருமுறை, கண்ணாடி முன் நின்று சத்தம் இல்லாமல் சொல்லிப்பாருங்கள். உதட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. 'பல்லு விளக்குவோமா' என்று நான் கேட்டால் அவள் அடுக்களைக்குப் போய் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். ரொம்ப நாள் அதைச் சேட்டை என்று நினைத்திருக்கிறேன், ஒருநாள் அடித்தும் இருக்கிறேன். இப்போது வாயால் சொல்வதோடு ஆள்காட்டி விரலைப் பல்லுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். டம்ளர் வருவதில்லை.

சரி, பொருள்களுக்கு வருவோம்.

சிவப்பு மாத்திரை

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் 'டிஸ்க்ளோசிங் டேப்லெட்' என்பார்கள். எங்கள் வீட்டில் சிவப்பு மாத்திரை. சின்ன சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும். கடித்து, எச்சிலோடு சேர்த்து வாய் முழுக்கப் புரட்டி, அரை நிமிடம் கழித்துத் துப்பிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். அழுக்குப் படலம் ஒட்டியிருக்கும் இடத்தில் எல்லாம் சாயம் பிடித்துக்கொள்ளும். சுத்தமான பல்லில் நிற்காது. பிறகு அந்தச் சிவப்பு போகும்வரை பிரஷால் தேய்க்க வேண்டியதுதான். இதில் இருப்பது எரித்ரோசின் என்கிற சிவப்புச் சாயம்.

கேட்கிற பிள்ளைக்கே 'பல்லில் கிருமி இருக்கு' என்று புரியவைப்பது கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, வார்த்தையும் குறைவாக உள்ள பிள்ளைக்கு எந்தச் சைகையால் காட்டுவது? நான் புழு மாதிரி விரலை நெளித்துக் காட்டியிருக்கிறேன். அவள் வாய்க்குள் நிஜமாகவே புழு இருப்பதாகப் பயந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மாத்திரை வந்த பிறகு எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பிளவுஸ் தைக்கிறவளுக்கு இது பழக்கமான விஷயம். துணியில் சாக்கால் கோடு போட்டுவிட்டால், எங்கே வெட்ட வேண்டும் என்று உதவிக்கு இருக்கிற பெண்ணிடம் வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் முதல் நாள் சொதப்பிவிட்டேன். ஒன்றும் காட்டாமல் அவள் வாயில் போட்டுக் கடிக்கச் சொல்லிவிட்டேன். கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தவள் வீறிட்டாள். சத்தம் கேட்டு வந்த அத்தை, "ஏ பிள்ள, வாயெல்லாம் ரத்தமா இருக்கே, பச்சப்புள்ளைய என்ன பண்ணித் தொலச்ச!" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதலில் நானே ஒரு மாத்திரையைக் கடித்தேன். அவள் ஸ்டூலில் ஏறி நின்று என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். கீழ் முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு படுகிற பக்கம் முழுக்க ரத்தச் சிவப்பு. முப்பது வருடமாகப் பல் விளக்குகிற எனக்கே இந்த லட்சணம். அவள் விரலை நீட்டி 'இங்கே, இங்கே' என்று காட்ட, நான் தேய்க்க, அவள் மறுபடி பார்க்க, பத்து நிமிடம் ஓடியது. அப்புறம் அவளே கையை நீட்டி மாத்திரை கேட்டாள்.

கடித்துவிட்டுக் கண்ணாடியில் அவள் பார்த்தது இதுதான்: முன்பல் நான்கும் வெள்ளை, அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் சிவப்பு. பிரஷைக் கடைவாய்க்குக் கொண்டுபோ என்று நான் இரண்டு வருடம் கத்தியிருக்கிறேன். அன்று அவள் கை தானாகப் போனது.

இனி குறைகள். கறை ஒரு பெரிய தொல்லை. நைட்டியில் பட்டால் போகாது, போகவைக்க என் கைவசம் உள்ள எல்லா வித்தையும் பார்த்துவிட்டேன். பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள். உதட்டில் வாசலின் தடவாவிட்டால் மறுநாள் காலையிலும் லிப்ஸ்டிக் போட்ட மாதிரி இருக்கும். நாக்கு எப்படியும் சிவக்கும். வாஷ்பேசினை உடனே கழுவிவிட வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முந்தின ராத்திரி இதைச் செய்யாதீர்கள், நான் செய்திருக்கிறேன். பல் நிறத்தில் அடைத்த இடம் இருந்தால் அதன் ஓரத்தில் சாயம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். சாயத்தில் அயோடின் இருப்பதால், அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் தொண்டைவலி மாத்திரையை எடுத்து நீட்டினார். ஆன்லைனில்தான் வாங்கினேன். பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் இதே வேலைக்குச் சின்னப் பாட்டிலில் திரவமும் கிடைக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பல்லில் தடவலாம். சிலதில் இரண்டு நிறம் வரும்: இன்று ஒட்டிய படலம் இளஞ்சிவப்பாகவும், பல நாளாகப் படிந்தது நீலம் ஓடிய ஊதாவாகவும் தெரியும். 'இன்றைக்கு விட்டது', 'நாள்கணக்காக விட்டது' என்று பிரித்துக் காட்டுவதால் எனக்குப் பாட்டில்தான் பிடித்தது. பிள்ளைக்கு மாத்திரைதான் பிடித்தது, கடிக்கலாமே. காசை மிச்சம்பிடிக்க பீட்ரூட் சாறும் முயன்றேன். கொப்பளித்ததும் எல்லாம் போய்விட்டது, அடுக்களைதான் நாறியது.

வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் போட்டால் பிள்ளைக்கு அலுத்துவிடும். முக்கியமாக, சிவப்பைக் காட்டித் திட்டாதீர்கள். ஒரு வாரம் நான் முகத்தைச் சுளித்தேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பிள்ளைகள் நம் முகத்தை வாசிக்கிற அளவுக்கு நாமே வாசிப்பதில்லை. ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் நைட்டிக்காகக் கழித்தது.

மணல் கடிகாரம், மின்னும் பிரஷ், அதிரும் பிரஷ்

இரண்டு நிமிட மணல் கடிகாரம் பொம்மைக் கடையில் கிடைத்தது. நல்ல யோசனைதான். மணல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தேய்க்கலாம். ஆனால் என் மகள் மணலை மட்டும்தான் பார்த்தாள், கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிரஷ் ஒரே இடத்தில் நின்றது. காது கேளாத பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடிக் கண்தான். அம்மா கை காட்டுவதையும் அந்தக் கண்தான் பார்க்க வேண்டும், மணலையும் அதுதான் பார்க்க வேண்டும், பல்லையும் அதுதான் பார்க்க வேண்டும். கடிகாரத்தைக் கண்ணாடியை ஒட்டி, அவள் முகம் தெரியும் உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் வைத்த பிறகு கொஞ்சம் தேவலை. மூன்றாம் மாதம் ஈரம் புகுந்து மணல் கட்டிக்கொண்டது.

மின்னும் பிரஷ் அதைவிட நல்லது. அடியில் அமுக்கினால் ஒரு நிமிடம் விளக்கு மின்னி அணையும். மேலுக்கு ஒரு தடவை, கீழுக்கு ஒரு தடவை என்று பழக்கினேன். வெளிச்சம் வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் கண்ணைத் திருப்ப வேண்டாம். குறை என்னவென்றால் எங்களுக்குக் கிடைத்ததில் பேட்டரி மாற்ற வழியில்லை. பிரஷ் நன்றாக இருக்கும்போதே விளக்கு போய்விட்டது. விளக்கு போன அன்று அவளும் வேலைநிறுத்தம்.

அதிரும் எலக்ட்ரிக் பிரஷை யோசித்து யோசித்துத்தான் வாங்கினோம், விலை அப்படி. முப்பது விநாடிக்கு ஒருமுறை அதிர்வு ஒரு விக்கல் விக்கும். 'இந்தப் பக்கம் முடிந்தது, அடுத்த பக்கம் போ' என்று அர்த்தம். நாலு விக்கலில் இரண்டு நிமிடம். இதைக் கேட்கவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம், கைக்கே தெரிகிறது. கடையில் கண்டதில் இது ஒன்றுதான் என் மகளுக்காகவே செய்த மாதிரி இருந்தது. முதல் இரண்டு நாள் அவள் பல் விளக்கவே இல்லை. கன்னத்தில் வைப்பாள், தாடையில் வைப்பாள், மூடிய கண்மேல் வைக்கப் போவாள். காது கேளாத பிள்ளைகளுக்கு அதிர்வின்மேல் தனி ருசி உண்டு. சில பிள்ளைகளுக்கு அதுவே பயமாகவும் இருக்கும் என்று தெரபிக்கு வரும் ஒரு அம்மா சொன்னார். அதனால் வாங்குமுன் யாரிடமாவது இருப்பதைக் கையில் கொடுத்துப் பாருங்கள். இதற்கு நாலு. தலைப்பகுதியை மாற்றுகிற செலவு தொடர்ந்து இருக்கிறது. ஊருக்குப் போகும்போது சார்ஜரை மறந்தால் கதை கந்தல்.

காசில்லாத மூன்று

ஒன்று, குளியலறை பல்பை மாற்றியது. பழைய மங்கல் பல்பில் என் கையும் தெரியாது, உதடும் தெரியாது. கரண்ட் இல்லாத ராத்திரியில் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது, டார்ச்சை என் முகத்தில் அடித்துக்கொண்டுதான் பேசுவேன்.

இரண்டு, கண்ணாடியைச் சுற்றி ஒட்டிய எட்டுப் போட்டோ. அவளே பிரஷ் பிடித்து நிற்கிற போட்டோக்கள். கீழ் இடது கடைவாய், கீழ் வலது, உட்பக்கம், மேல், நாக்கு, துப்புவது என்று வரிசையாக. கடையில் விற்கும் அட்டையில் கார்ட்டூன் கரடி இருக்கிறது, கரடிக்கு எத்தனை கடைவாய்ப்பல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? செய்முறை சுலபம்தான். பல்லை லேசாகக் கடித்துக்கொண்டு வெளிப்பக்கம் வட்டம் வட்டமாக, மெல்லும் பக்கம் முன்னும் பின்னும். ஏழெட்டு வயது வரை முடிவில் பெரியவர்கள் ஒரு சுற்றுத் தேய்த்துவிட வேண்டும் என்கிறார்கள், நான் தேய்க்கிறேன். பின்னால் நின்று அவள் தலையை என் வயிற்றில் சாய்த்துப் பிடிப்பேன். மெஷின் போட்டிருக்கும்போது அப்படிப் பிடித்தால் என் கை காதை மூடி, மெஷின் 'கீ...' என்று விசில் அடிக்கும். அவள் உதறிவிடுவாள். அதனால் இப்போது ராத்திரியில் மெஷினோடு நின்று அவளாக விளக்குவது முதல் பாதி. மெஷினைத் துடைத்து டப்பாவில் வைத்த பிறகு நான் தேய்த்துவிடுவது இரண்டாம் பாதி. இந்த இரண்டாம் பாதியில் நான் ஒன்றும் பேசுவதில்லை. கையில் பிரஷ் இருந்தால் சைகையும் செய்ய முடியாதே. பக்கம் மாறும்போது தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

மூன்றாவது சைகை அகராதி. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-ல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள், எல்லாம் வீடியோ, இலவசம். வீட்டுச் சைகையாலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த நான் வலி, அழுக்கு, மறுபடியும் போன்ற சொற்களை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதில் 'வலி' என்பதுதான் ரொம்ப உபயோகம். அதற்கு முன் பல் வலித்தால் சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள், நாங்கள் பசியில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

இரண்டு ஆஸ்பத்திரி

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். கூட்டம், அவசரம், அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். நாற்காலியில் உட்காரவைத்ததும் மோட்டார் போட்டுப் பின்னால் சாய்த்தார்கள். அவள் கண்ணுக்கு நான் மறைந்தேன், விளக்கு வந்தது. தலைக்கு வைத்திருந்த திண்டு மெஷினை அழுத்த, விசில். டாக்டர் அவள் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து, மாஸ்க்குக்குள் இருந்து, "பாப்பா, வாயைத் திற" என்றார். திறக்கவில்லை. காது கேட்காது என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னார். மறுபடி இன்னும் சத்தமாக. மூடிய உதட்டுக்கும் பின்னால் இருக்கும் முகத்துக்கும் சத்தம் என்ன செய்யும்? எச்சில் உறிஞ்சும் குழாயைப் போட்டதும் அந்த இரைச்சல் மெஷின் வழியாகப் பெரிதாகிப் போயிருக்க வேண்டும், கடித்துவிட்டாள். 'இந்தப் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்யணும்' என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது திருநெல்வேலியில், குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. சிவப்பு மாத்திரையை முதலில் எங்கள் கையில் கொடுத்தவரும் அவர்தான். முதல் நாள் நாற்காலிப் பக்கமே போகவில்லை. மாஸ்க் இல்லாமல் வரவேற்பறைக்கு வந்து, தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, வணக்கம் வைத்தார். "மெஷினைக் கழற்றணுமா வேண்டாமான்னு நம்ம முடிவு பண்ண வேண்டாம்மா, பாப்பாவையே கேளுங்க. சத்தம் போடுற வேலை வரும்போது சில பிள்ளைங்க கழற்றிடுங்கன்னு சொல்லும். கழற்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் காட்டி முடிச்சிடணும்" என்றார்.

காட்டவும் செய்தார். பல்லைச் சுத்தம் செய்யும் சுழல் பிரஷை முதலில் தன் நகத்தில் ஓட்டி, பிறகு என் நகத்தில், பிறகு அவள் நகத்தில். அவளுக்குத்தான் அதிர்வு பிடிக்குமே, கையை எடுக்கவே இல்லை. பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பல் டாக்டர்களிடம் 'சொல், காட்டு, செய்' என்று ஒரு முறை உண்டாம், 1959-ல் அடெல்ஸ்டன் என்பவர் எழுதியது. "நம்ம பாப்பாவுக்கு முதல் வார்த்தையை எடுத்துட்டு நடுவுல ஒண்ணு சேத்துக்கணும், காட்டு, தொடவிடு, செய்" என்று சிரித்தார். என்ன செய்யப்போகிறார் என்பதை ஒரு சிலேட்டில் நாலு படமாக வரைந்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் அவளையே அழிக்கச் சொன்னார். கையில் ஒரு கண்ணாடி கொடுத்தார். விளக்கிச் சொல்லும்போது மாஸ்க்கை இறக்கி, முகத்துக்குக் கண்ணாடித் தாள் மாதிரியான ஷீல்டு மட்டும் போட்டுக்கொண்டார், உதடு தெரிந்தது.

அப்புறம் ஒரு ஒப்பந்தம். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்றார். வேலை ஆரம்பித்து அரை நிமிடம்கூட இருக்காது, மகள் கையைத் தூக்கினாள். வலியெல்லாம் இல்லை, நிறுத்துகிறாரா என்று பார்த்தாள். டாக்டரம்மா உடனே நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு சொத்தைப் பல்லை அடைத்து முடிக்கிறவரை அவள் கை மேலே வரவே இல்லை. மயக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

குறை? உண்டு. ஒரு வேலைக்கு மூன்று தடவை போய்வர வேண்டியிருந்தது. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போகவரவே அரைநாள் போய்விடும், எனக்கு அன்றைய தையல் கூலி போச்சு. கட்டணமும் எங்கள் ஊரைவிடக் கூடுதல்தான். அப்படியும் ஐந்துக்கு ஐந்து.

காக்ளியர் ஆபரேஷன் (உள்காதில் கருவி பொருத்துவது) செய்த பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. தெரபியில் பாதிப் பேர் நீங்கள்தான், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்துகொண்டவர்கள். பல் டாக்டரிடம் போன உடனே அதைச் சொல்லிவிடுங்கள், தலைமுடிக்குள் மறைந்திருந்தால் அவர்களுக்குத் தெரியாது. கரண்ட் மூலம் ஈறை வெட்டும் கருவிகளில் 'மோனோபோலார்' என்று ஒரு வகை இருக்கிறது. அதைத் தலை, கழுத்துப் பக்கத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தவே கூடாது.

பேஸ்ட்டும் மிட்டாயும்

பேஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்கப் பாம்பு நெளிக்க வேண்டாம். ராத்திரி துப்பினால் போதும், குடம் குடமாகக் கொப்பளிக்கத் தேவையில்லை.

மிட்டாயைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். தெரபி ஆரம்பித்த புதிதில் ஒரு இடத்தில், சரியாகச் சத்தம் எழுப்பினால் ஒரு கலர் மிட்டாய். 'ப' சொன்னால் ஒன்று, 'ம' சொன்னால் ஒன்று. முக்கால் மணி நேரம் வாயில் சர்க்கரை ஊறிக்கொண்டே இருக்கும். வீட்டிலும் அதையே செய்யச் சொன்னார்கள், செய்தோம். பேச்சு வரட்டும், பல் போனால் முளைக்கும் என்று நினைத்தோம். காதில் சீழ் என்று மாதம் ஒருமுறை கொடுத்த இனிப்பு சிரப் வேறு. இப்போது மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஊரோ கோவில்பட்டி, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாயின் ஊர். வீட்டுக்கு யார் வந்தாலும் கையில் ஒரு பொட்டலம். நிறுத்தச் சொன்னால் ஊர்த்துரோகி ஆகிவிடுவேன். சோறு சாப்பிட்டதும் கையோடு ஒரு துண்டு, நடுவில் கிடையாது, பாகு ஒட்டிய கடைவாயை ராத்திரி கண்டிப்பாகத் தேய்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

'விழுகிற பல்தானே' என்று என்னிடம் சொன்னவர்கள் நிறைய. ஆறு வயதில் பால்பல்லுக்கெல்லாம் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் யாரும் கவனிப்பதில்லை, அதுவும் பால்பல் என்றே நினைத்துவிடுவோம். அது விழவே விழாத பல். என் மகளுக்கு அது முளைத்ததைச் சிவப்பு மாத்திரைதான் காட்டிக்கொடுத்தது. ஈறோடு ஈறாக ஒரு சிவப்பு மேடு. அடுத்த தடவை திருநெல்வேலி போனபோது அதன் குழிகளில் சீலன்ட், அதாவது சொத்தை வராமல் குழியை மூடும் பூச்சு, பூசிக்கொண்டு வந்தோம்.

மறுபடி வாங்கச் சொன்னால்: மாத்திரை வாங்குவேன், அதிரும் பிரஷுக்குத் தலை வாங்குவேன். மின்னும் பிரஷ் பேட்டரி மாற்றக்கூடியது கிடைத்தால் வாங்குவேன், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மணல் கடிகாரம் வேண்டாம். யானைக்குட்டியைத் தங்கை மகனுக்கே கொடுத்துவிட்டோம்.

மாத்திரை இப்போது சீக்கிரம் தீர்ந்துபோகிறது. போன ஞாயிறு என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மகள் வழிமறித்து வாயில் ஒன்றைப் போட்டு, மெல்லும்படி சைகை செய்தாள். மெல்லாமல் தப்ப முடியவில்லை. ஸ்டூலில் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலைப் பல்லுக்கு முன்னால் ஆட்டி, 'மறுபடியும்' என்று சைகை செய்து, குளியலறைக்குக் கையைக் காட்டினாள். எட்டு மணி பஸ் போய்விட்டது. எட்டரை பஸ்ஸில் சிவந்த நாக்கோடு போனார்.